கைதட்டல் இல்லாத கையிருப்பு

எங்கள் சங்கத்துக்கு ஒரே வேலைதான்: இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் உள்ள சிறுநீரக நோயாளிகளை இரத்தச் சுத்திகரிப்புக்காக மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது. ஆண்டுக் கூட்டத்துக்கு முந்திய மாதம் மட்டும் வேறொன்றும் நடக்கும். மீதிப் பணம் முழுவதற்கும் புத்தகப் பைகள் வாங்கித் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு பொருளாளர் "கையிருப்பு பூச்சியம்" என்று வாசிப்பார். மண்டபம் கைதட்டும்.

போன வருடம் அந்தக் கைதட்டல் முடிந்த மறுவாரமே வேனின் கியர்பெட்டி உடைந்தது. திருத்தப் பணமில்லை. வேன் பல நாள் நின்றது.

இந்த வருடம் நான் பொருளாளர். மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. பை வாங்காமல், மூன்று மாத வேன் செலவுக்கான பணத்தை வங்கியிலேயே விட்டேன். வைப்பதா, செலவழிப்பதா என்று கூட்டம் முடிவு செய்யட்டும் என்றது செயற்குழு. பிள்ளைகளின் பையை நான் பறித்துவிட்டேனோ என்று வாசிக்கும்வரை மனம் உறுத்தியது.

கூட்டத்தில் கையிருப்பை வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை.

அதிகமாக நன்கொடை தரும் ஹாட்வெயார் கடை புஹாரி ஹாஜியார் எழுந்தார். "என்ன வாகினி மகள், நாங்க தந்த சல்லி பேங்க்ல கெடக்குதா? தர்மத்துக்குத் தந்தத பூட்டி வைக்கலாமா?"

வகுப்பில் எழுதிய குறிப்பு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பின்வரிசையிலிருந்து நல்லம்மா அக்கா குரல் கொடுத்தார். வாரம் இருமுறை எங்கள் வேனில் போகிறவர். "ஹாஜியார், ஒங்க கடையில சாமான் எல்லாத்தையும் வித்துட்டு, வெறும் ராக்கைய காட்டி கைதட்டச் சொல்வீங்களா?"

மண்டபம் சிரித்தது.

"போன வருசம் வேன் நின்னப்போ பஸ்ல நின்னுக்கிட்டே போனேங்க. வர்ற வழியில மயங்கி விழுந்தேன். பூட்டி வச்ச சல்லி இருந்திருந்தா விழுந்திருப்பேனா?"

ஹாஜியார் "சரி, அது இருக்கட்டும். புத்தகப் பைக்கு நான் வேற ஆள் புடிக்கிறேன்" என்று அமர்ந்தார்.

பணத்தை வைக்கச் சம்மதித்துக் கைகள் உயர்ந்தன. நல்லம்மா அக்கா, சுத்திகரிப்புக்கு ஊசி ஏற்றாத கையை உயர்த்தினார்.

மூன்று மாதம் போதுமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. வாசலில் வேன் சாரதி றிஷாத் தயங்கி நின்றார்.

"பின் டயர் ரெண்டும் தேஞ்சிருச்சு தங்கச்சி. நீங்க கவலப்படுவீங்கன்னு சொல்லல."

"நாளைக்கே மாத்துங்க" என்றேன்.