கங்காணிக்கு மட்டும் தண்ணீர் இல்லை

ஒதிலியா அந்த ஆளுக்காக ஆறு வருடம் காத்திருந்தாள். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, பருவத்துக்குப் பருவம் வந்துபோகிற கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு காப்பகம் இருந்தது. அங்கே தரை துடைக்கச் சேர்ந்து, பிறகு நர்ஸுக்கு உதவியாளாகி, பிள்ளைகளுக்கு எடை பார்த்தாள், பல் தேய்த்துவிட்டாள், காய்ச்சல் பார்த்தாள். இளைப்பு வந்த பிள்ளைக்கு ஆவி மருந்து வைப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. மிஞ்ச முடியாதுதான். அதை அவள் தன் வீட்டிலேயே கற்றவள்.

அந்த ஆள் எவோதியோ. கங்காணி. எல்லோரும் மரியாதைக்குத் 'தோன்' சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். ஒஹாகா மலையிலிருந்து வந்த மிஷ்தெக் பழங்குடிப் பெண்களை வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு தோட்டத்தில் விடுவான். காப்பக வேலைக்குச் சேருமுன் ஒதிலியாவும் அவர்களில் ஒருத்தி. சட்டப்படி கொடி வரிசையின் முனையில் கைகழுவத் தொட்டியும் சோப்பும் இருக்க வேண்டும். தொட்டி இருந்தது. அதிகாரி வருகிற நாள் தவிர அதில் தண்ணீர் இருந்ததில்லை. பெண்கள் வரிசையில் நின்று கைகழுவினால் பறிப்பு நின்றுபோகுமாம்.

அப்போது ஒதிலியாவின் மகன் கௌதென்சியோ கைக்குழந்தை. மாலையில் அவள் காப்பகத்துக்கு வந்தவுடன் தாவி அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அந்தக் கழுத்து முழுக்கக் கந்தகப் பொடியும் பூச்சிமருந்தும். கழுவாமல் தூக்காதே என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். வேன் தாமதமாக வரும், காப்பகம் மூடுகிற நேரமாகிவிடும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒருநாள் ஒதிலியா வெட்கத்தை விட்டுக் குடிதண்ணீர்ப் பீப்பாயில் கையை நீட்டினாள். எவோதியோ எல்லோர் முன்னாலும் அவள் கையைத் தட்டிவிட்டான்.

"அது குடிக்கிற தண்ணி. மண்ணுல பொறந்தவளுக்குப் புழுதி என்ன புதுசா?"

சிரிக்க வேண்டியவர்கள் சிரித்தார்கள். கௌதென்சியோவுக்கு இளைப்பு பிடித்துக்கொண்டது. பிறகு விடவே இல்லை.

இந்தப் பருவத்தில் அதே காப்பகத்துக்கு எவோதியோவின் பேத்தி யரேலி வந்து சேர்ந்தாள். இரண்டு வயசு. அவளுக்கும் நெஞ்சில் லேசாக விசில் சத்தம் உண்டு. மகள் பெட்டி அடுக்கும் கொட்டகையில் மாட்டிக்கொள்வதால் சாயங்காலம் தாத்தாதான் அழைத்துப்போவான். பூட்ஸைக் கழற்றி, சட்டை மாற்றி, கை, முகம், கழுத்து கழுவிய பிறகே பிள்ளையைத் தொடலாம் என்பது அங்கே விதி. அதற்காகவே வாசலில் வரிசையாகக் குழாய்கள் வைத்திருந்தார்கள். எவோதியோ விரல் நுனியை நனைத்துவிட்டு உள்ளே போவான். அந்தப் பிள்ளை "தாத்தா" என்று ஓடிவரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல் உருகுமா என்று கேட்டால், உருகும். அதைப் பார்த்துத்தான் ஒதிலியாவுக்கு வயிறு எரிந்தது. இவனுக்கும் ஒரு பிள்ளைமேல் உயிர் இருக்கிறது; அப்படியென்றால் அன்றைக்கு அவனுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை.

அவள் தன் திட்டத்தை, இன்னும் அவன் வேனில் வேலைக்குப் போகிற மினெர்வாவிடம் சொன்னாள். மினெர்வா அதை மற்றப் பெண்களுக்குச் சொன்னது எவோதியோவின் வேனிலேயே, அவன் முதுகுக்குப் பின்னாலேயே. மிஷ்தெக் பாஷையில் பேசினால் அவனுக்குப் புரியாது, இளக்காரம் வேறு. "என்னடி குருவிக் கூட்டம் மாதிரி கீச்சு கீச்சுன்னு" என்றான். பெண்கள் ஆமாம் தோன் என்று பணிவாகச் சிரித்தார்கள். தனக்கு வெட்டிய குழியைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டே சுகமாக வண்டி ஓட்டினான் மனிதன்.

மறுநாள் வேன் வந்து நிற்பதற்குச் சற்று முன், நர்ஸ் உள்ளே மருந்து எடுத்துவைத்துக்கொண்டிருந்த நேரம், ஒதிலியா வாசல் குழாய்களின் அடிவால்வை மூடினாள். யரேலியை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றாள்.

எவோதியோ குழாயைத் திருகினான். அடுத்ததைத் திருகினான்.

"என்ன, தண்ணி வரல?"

"வரல தோன்."

"சரி, கதவத் திற."

"கழுவாம பிள்ளையத் தொட முடியாது. உங்க தோட்டத்துல தொட்டி இருக்கே. சட்டப்படி நெறஞ்சிருக்கணுமே. அங்க போய்க் கழுவிட்டு வாங்க."

பின்னால் நின்ற பெண்கள் பையிலிருந்து கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை எடுத்தார்கள், மாற்றுச் சட்டையை எடுத்தார்கள். நிதானமாக, திருவிழாவுக்குக் கிளம்புகிறவர்கள்போலக் கழுவினார்கள். ஒதிலியா கதவைத் திறந்து திறந்து மூட, ஒவ்வொருத்தியாக அவனைத் தாண்டி உள்ளே போய்ப் பிள்ளையை வாரி எடுத்தார்கள். கடைசியில் நின்றவள் மினெர்வா. பாட்டிலில் பாதி மிச்சம். எவோதியோ கையை நீட்டினான்.

"அது குடிக்கிற தண்ணி, தோன்" என்றாள் மினெர்வா. மூடியைத் திருகிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒதிலியாவின் உடம்பெல்லாம் குளிர்ந்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே இத்தனை வருடம் மூக்கு துடைத்தாள்.

அப்போது யரேலி தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டி அழத் தொடங்கினாள். அழுகை இருமலானது. இருமலுக்குள்ளிருந்து அந்த விசில் கிளம்பியது. ஒதிலியாவுக்குத் தெரிந்த சத்தம். குற்றம் செய்யாத இந்த நெஞ்சை நான் ஏன் இதில் இழுத்தேன் என்று ஒரு கணம் தன்மேலேயே அருவருப்பு வந்தது. உடனே பிள்ளையை மடியில் உட்காரவைத்து முகமூடியைப் பொருத்தி ஆவி மருந்தைத் திறந்தாள். கதவை மட்டும் திறக்கவில்லை.

எவோதியோ கண்ணாடியில் இரண்டு கையையும் பதித்து நின்றான். மூச்சுக்கு மூச்சு பேத்தியின் விலா உள்வாங்குவதைப் பார்த்தான். அது தணிகிறவரை பார்க்கவைத்தாள்.

"தண்ணி விடும்மா" என்றான் கடைசியில். அவன் வாயிலிருந்து முதல்முதலாக ஒரு 'அம்மா'. "நாளைக்கித் தொட்டி நெறஞ்சிருக்கும். கொழந்த மேல சத்தியம்."

அவள் வெளியே வந்து குனிந்து வால்வைத் திறந்தாள்.

மறுநாள் தொட்டி நிறைந்திருந்தது. சோப்பும் இருந்தது. மன்னித்துவிட்டாயா என்று மினெர்வா கேட்டாள்.

அன்றிலிருந்து அவன் தினமும் பூட்ஸைக் கழற்றி, சட்டை மாற்றி, முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுக் கதவுக்கு வந்து நிற்கிறான். ஒதிலியா ஏற இறங்கப் பார்க்கிறாள். சுத்தமாகத்தான் இருக்கிறான்.

"கழுத்து இன்னும் போகல, தோன்" என்கிறாள்.

அவன் திரும்பிப் போய் மறுபடி கழுவுகிறான். அந்த நேரத்தில் அவள் மகனின் பள்ளி மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். கௌதென்சியோ கையில் மருந்துக் குழலோடு ஓரப் பலகையில் உட்கார்ந்திருப்பான். அவன் எழுந்து ஓடுகிற நாள் வரட்டும். அன்றைக்கு எவோதியோவின் கழுத்து சுத்தமாகிவிடும்.