டிராமுக்கு வரிசையில் நின்றவன்

லண்டன் ஸ்டூடியோவில் அன்று காட்டிக்கொடுக்கும் காட்சி. ஜெர்மானியர் பிடித்துவைத்திருக்கும் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஒளிந்திருக்கும் ஆங்கில உளவாளியை வீட்டுக்காரியே விரல் நீட்டிக் காட்ட வேண்டும். அந்த வேடம் லியோனிக்கு. பிரஸ்ஸல்ஸிலிருந்து தப்பி வந்த அகதி என்பதால் அவளைத் தேடிப் பிடித்திருந்தார்கள். அவளுடைய அக்கா ஒடீல் அங்கே நிஜமாகவே ஓர் ஆங்கில உளவாளியை ஒளித்துவைத்து, அதற்காகச் சுடப்பட்டவள்.

“எங்க ஊர்க்காரி யாரும் காட்டிக்கொடுக்கலை சார்,” என்றாள் டைரக்டர் பெல்லமியிடம். “எங்க அக்கா ஒளிச்சுவச்ச உங்க ஆளு தானாத்தான் மாட்டினான். எங்க ஊர்ல டிராமுக்கு முண்டியடிச்சுத்தான் ஏறுவோம். அந்த மகராசன் மட்டும் உங்க லண்டன்ல வரிசையில நிக்கிற மாதிரி நின்னு எல்லாருக்கும் வழி விட்டான். பக்கத்துல நின்னு நானே பார்த்தேன். ஜெர்மன்காரனும் பார்த்தான். அவன் பின்னாடியே வந்து அக்காவையும் பிடிச்சாங்க.”

பெல்லமி சிரித்தார். “இதைக் காட்டினா தியேட்டரே சிரிக்கும்மா. யுத்த நேரத்துல நம்ம பையன் தப்பு பண்ணக் கூடாது.”

“அதுக்காகப் பழியைச் செத்தவ தலையில கட்டுவீங்களா?”

“இது வெறும் கதைம்மா. போய் நில்லுங்க.”

கேமரா ஓடியது. ஜெர்மன் அதிகாரியாக நடித்தவர், “எங்கே அவன்?” என்று உறுமினார். லியோனி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே நின்றாள்.

“வாயைத் திறந்து சொல்லும்மா!” என்று கத்தினார் பெல்லமி.

“யார் யார் உதவினாங்கன்னு கேட்டு ஜெர்மன்காரங்க அடிச்ச அடிக்கே எங்க அக்கா வாயைத் திறக்கலை. நீங்க கத்துறதுக்கா நான் திறப்பேன்?”