பத்தொன்பது இஞ்ச் வீல்

கிங்ஸ்டன் என்னை வேண்டாம் என்றதைக்கூட மன்னித்திருப்பேன். அவன் அதைச் செய்த விதம்தான் ஆறவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஜோடியின் பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள். எங்களுக்கு இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு சாமியார் எங்கள் பெயரை விட்டுவிட்டு அடுத்த ஜோடிக்குப் போனார். யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. புதுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, கோவில்பட்டி பைபாஸில் இருக்கும் எங்கள் டயர் கடைக்குச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினான். பெரிய வீலில் கீறல் விழாமல் டயர் மாட்டும் மெஷின் இந்தப் பக்கத்தில் எங்களிடம்தான் உண்டு. அப்பா போனபிறகு கடை என் பொறுப்பு.

"பழச மனசுல வைக்காத அஞ்சலின். வார புதன்கிழமை எனக்குக் கல்யாணம். பத்தொன்பது இஞ்ச் வீலு போடணும். டயருக்கும் பாடிக்கும் நடுவுல விரல் நுழையக் கூடாது."

அந்தக் காரோடு வந்தது பதினேழு இஞ்ச். வீல் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் அந்த அளவுக்கு ஒல்லியாக வேண்டும். அதற்கு 225/35 சரி; அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 35 சதவீதம். விரல் நுழையாமல் இருக்க அவன் கேட்டதோ அதைவிடத் தடித்த 245/40. தார் ரோட்டில் ஓடும். ஆனால் நாகலாபுரத்தில் காட்டுக்குள் கட்டிய அவன் வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் கரிசல் தடம். கல்யாணம் பேசியபோது நான் நடந்து பார்த்த தடம்.

நான் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்கிறவன் அவன். ஆகவே உண்மையையே சொன்னேன், மெக்கானிக் தங்கச்சாமி அண்ணாச்சிக்குக் கேட்கும்படி.

"இது வேண்டாம். ஐப்பசி மாசம். ஒரு மழ பெஞ்சா கரிசல் அடைச்சு வீலு சுத்தாது. 225/35 போடுங்க."

"ஏட்டி, எனக்கே பாடம் நடத்துதியா? நான் சொன்னத மாட்டு."

மாட்டினேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தேன், உரசவில்லை. ஆளைக் கொல்லும் எண்ணம் எனக்கில்லை. அவமானம் போதும்.

புதன்கிழமை காலையில் கல்யாணப் பூசை நேரத்தில் ஒரு மணி நேரம் மழை அடித்து ஊற்றியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மத்தியானம் கிங்ஸ்டனிடமிருந்து போன் வந்தது. "வீலு சுத்த மாட்டேங்கு. சீக்கிரம் வா."

கடையில் கிடந்த அவனுடைய பழைய வீல்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சியோடு போனேன். தடத்தின் நடுவில் கார். சுற்றிலும் ஊர். கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை குத்த உட்கார்ந்து குச்சியால் மண்ணை நோண்டிக்கொண்டிருந்தான். உள்ளே வெள்ளைச் சேலையில் பொண்ணு, ஜெயஷீலா. கண்ணாடியை இறக்கினாள்.

"ஏங்க்கா தப்பான டயர மாட்டி ஏமாத்துனீங்க? இவிய சொல்லுதாவ."

எனக்கு முன்னால் அண்ணாச்சி வெடித்தார். "யாரு ஏமாத்துனா? வேண்டாம் வேண்டாம்னு இந்தப் புள்ள சொல்லிச்சு. நான் பக்கத்துலதான நின்னேன்!"

கிங்ஸ்டன் குச்சியை இன்னும் ஆழமாக மண்ணில் குத்தினான். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு என்னை. "ஒங்களுக்கு இவியள முன்னாடியே தெரியுமாக்கா?"

அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

"தெரியும். எனக்கும் இவருக்கும் ஓலை வாசிச்சாவ. கட்டுறதுக்கு முன்னாடியே ஓடிட்டாரு, நான் தப்பிச்சேன். ஒங்களுக்குத்தான் தாலி ஏறிட்டே."

ஜெயஷீலா கண்ணாடியை ஏற்றினாள். உள்ளே பூட்டு விழும் சத்தம் கேட்டது. கிங்ஸ்டன் சேற்றுக் கையோடு கண்ணாடியைத் தட்டினான். நான் நான்கு வீலையும் கழற்றி மாட்டி முடிக்கிறவரை தட்டிக்கொண்டே இருந்தான்.