மூன்று வண்டி, ஒரே தொண்டை

எங்கள் ஊரில் தேர்தல் என்றால் என் தொண்டைதான். காலையில் மஞ்சள் கட்சிக்குப் பேசுவேன், மாலையில் நீலக் கட்சிக்கு. இரண்டும் ஒரே அறை, ஒரே மைக். பதிவு செய்வது என் வீட்டுக்காரர். பின்னால் ஓடுகிற பாட்டையும் வேட்பாளர் பெயரையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்றுதான். "கால்வாயின் மேல் பாலம் கட்டித் தருவோம்" என்ற வரியை இரண்டு கட்சிக்காரர்களும் மறக்காமல் எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தி, ஒரு மூச்சு விடுவேன். ஜனங்கள் கைதட்ட இடம் விடவேண்டும் என்பார் வீட்டுக்காரர். ஊரில் எனக்குப் பேரே மைக் அக்கா.

பாலம் மட்டும் வரவில்லை. கால்வாய்க்குக் குறுக்கே இரண்டு பலகை கிடந்தது. எங்கள் குடியிருப்பு இந்தக் கரை, கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும் அந்தக் கரை. போன தேர்தல் சமயம், மழை பெய்த ஒரு சாயங்காலம், நீலக் கட்சிக் கூட்டத்துக்கு மைக் கட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தோளில் சுமந்து வந்த என் மனுஷன், பலகை புரண்டு தண்ணீருக்குள் போனார். பெட்டியை விட்டிருந்தால் பிழைத்திருப்பார். விடுகிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் இரண்டு கட்சிச் செயலாளர்களும் மலர்வளையத்தோடு வந்தார்கள். யாருடையதை முதலில் வைப்பது என்று வாசலில் தள்ளுமுள்ளு. ஒருவழியாக வைத்து முடித்ததும் மஞ்சள் செயலாளர் என் பக்கம் குனிந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நாளைக்கு வண்டி கெளம்பணும். அந்த ரெகார்டிங் முடிஞ்சுதா?"

அவர் நகர்ந்ததும் நீலச் செயலாளர் குனிந்தார். அவருக்கும் அதே கேள்விதான். தங்களுடையதை முதலில் முடித்துத் தந்தால் நல்லது என்று கூடவே ஒரு வேண்டுகோள்.

அன்றைக்கு நான் அழுதேனா என்றுகூட ஞாபகம் இல்லை. இந்த இரண்டு பேரையும் நடுத்தெருவில் நாறடிக்காமல் ஓயமாட்டேன் என்று நினைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தத் தேர்தலில் மஞ்சள் ஜெயித்தது. பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டார்கள். அதற்கு மஞ்சள் பெயிண்ட் வேறு.

என் நாத்தனார், அவருடைய தங்கை, அந்தக் கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் அந்தப் பலகை மேல்தான் வேலைக்குப் போய் வந்தாள். இந்தத் தேர்தல் வந்தபோது குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து ஒரு புதுக் கட்சி ஆரம்பித்து அவளை நிறுத்தினார்கள். வீடு வீடாகப் போனோம். நல்ல பொண்ணு என்றார்கள், உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள், ஆனால் ஓட்டு வீணாகிவிடுமே என்று இழுத்தார்கள். ரெண்டில் ஒண்ணுதானே வரும் என்றார் டீக்கடைக்காரர், ஏதோ வானிலை சொல்கிற மாதிரி. இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாத ஊர் எங்களுடையது.

நானே வண்டியில் உட்கார்ந்து அவளுக்காகப் பேசினேன். முதல் நாள், கடைத்தெருவில் திரும்புகிறோம், எதிரே மஞ்சள் வண்டி. அதிலும் நான். போன தேர்தலுக்கு முந்தைய பதிவில் வேட்பாளர் பெயரை மட்டும் வேறு யாரையோ சொல்லவைத்து ஒட்டுப்போட்டு ஓடவிட்டிருந்தார்கள். பின்னாலேயே நீல வண்டி. அதிலும் என் தொண்டை. தெருவே சிரித்தது. அக்காவுக்கு மூணு இடத்திலயும் கூலியா என்று ஒருத்தன் கேட்டான்.

நிறுத்தச் சொல்லி இரண்டு அலுவலகத்துக்கும் போனேன். காசு கொடுத்து வாங்கின குரல், அது எங்கள் சொத்து என்றார் மஞ்சள். நீலம் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அன்றைக்கு நாத்தனார் சாப்பிட உட்கார்ந்து தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"அண்ணி, நாமளும் வாடகைக் குரல்தான்னு ஜனங்க முடிவு பண்ணிட்டாங்க. எனக்குப் போடறதும் அவங்களுக்குப் போடறதும் ஒண்ணுதானேன்னு என் மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க. இப்படியே போனா டெபாசிட் கூடக் கெடைக்காது."

அவரைத்தான் தின்றார்கள் என்றால், அவர் பதிவு செய்த என் குரலையும் வைத்து அவர் தங்கையை அடிக்கிறார்கள். ராத்திரி முழுக்க அந்தப் பதிவு என் தலைக்குள் ஓடியது. ஒவ்வொரு வரியும் தெரியும். எங்கே மூச்சு விட்டேன் என்பதும் தெரியும்.

விடிந்ததும் கடைத்தெரு முனையில் எங்கள் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். மஞ்சள் வண்டி வந்தது. "கால்வாயின் மேல் பாலம் கட்டித் தருவோம்" என்றது என் குரல். மூச்சு விடும் இடம் வந்தது. நான் என் மைக்கில் கேட்டேன்.

"எப்ப?"

டீக்கடையில் யாரோ புரையேறி இருமினார்கள். "வீட்டுக்கு வீடு குடிநீர் தருவோம்" என்றது வண்டி. "எப்ப?" என்றேன். பின்னால் வந்த நீல வண்டிக்கும் அதே மரியாதை. நானே கேட்கிறேன், நானே பதிலில்லாமல் அடுத்த வரிக்குப் போகிறேன். இரண்டு வண்டிகளும் வேகமெடுத்துப் பார்த்தன. மாலைக்குள் நான் தேவைப்படவில்லை. வண்டி போகிற வழியெல்லாம் ஜன்னலிலிருந்து, மாடியிலிருந்து, பஸ் நிறுத்தத்திலிருந்து, மூச்சு விடும் இடம் தவறாமல் கேட்டார்கள். கைதட்ட விட்ட இடம் அது. வீட்டுக்காரர் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

மறுநாள் இரண்டு வண்டிகளும் வாயைக் கட்டிக்கொண்டு ஊமையாகச் சுற்றின. அதற்கடுத்து, ஒரு கடையில் சேர்ந்து டீ குடிக்காத செயலாளர்கள் இருவரும் ஒன்றாகவே வீடு வீடாக வந்தார்கள். எங்களுக்குப் போடாவிட்டால் அவருக்குப் போடுங்கள், மூணாவதாக எதற்கு என்று ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டினார்கள். ஊர் அப்போதுதான் எண்ண ஆரம்பித்தது. ரெண்டு இல்லை, இவ்வளவு நாளும் ஒண்ணுதான் இருந்திருக்கிறது என்றார் டீக்கடைக்காரர்.

நாத்தனார் ஜெயித்தாள். செயலாளர்கள் முகத்தில் ஈயாடவில்லை. எண்ணிக்கை நடந்த பள்ளிக்கூட வாசலில் நின்று அதை ஆசைதீரப் பார்த்தேன். போதாது என்றுதான் தோன்றியது.

கால்வாய்க் கரையில் நன்றி சொல்லும் கூட்டம். மைக் கட்டியது நான். அவள் அண்ணனைப் பற்றிச் சொன்னாள், குரல் உடைந்தது, எனக்கும் கண் கலங்கியது. பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"இந்தக் கால்வாய்க்கு மேல பாலம் கட்டித் தருவோம்."

குரலை உயர்த்தி நிறுத்தி, ஒரு மூச்சு விட்டாள். அச்சு அசல் நான் விட்ட மூச்சு. ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்குக் காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு மைக்கை எடுத்தேன்.

"எப்ப?"

கைதட்டல் நின்றது. அவள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என்னைக் குத்துகிறது. ஆனாலும் மைக்கை நான் இறக்கவில்லை.

"அண்ணி, நானுமா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

"நீயும்தான்."

கால்வாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"அடுத்த மழைக்கு முன்னாடி."

"யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

பதிவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் சொன்னது பதிவாகிவிட்டது, என்னிடம்தான் இருக்கிறது. மழைக்குள் பாலம் வராவிட்டால், அவள் குரலையும் வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக ஓடவிடுவேன்.