ஏழு நீலக் கம்பிகள்

1

காலை பத்து நாற்பதுக்கு இரண்டு பழைய கணினிகள் மேசைமேல் மூடி திறந்து கிடந்தன. நான் அங்கே இல்லை. எனக்குக் கிடைத்தது அருங்காட்சியகத்தின் ஒப்பீட்டுத் தாள் மட்டும். முதல் மாடல், இரண்டாம் மாடல். பெட்டி: ஒன்றே. விசைப்பலகை: ஒன்றே. நினைவகம்: ஒன்றே. 'வேறுபாடு' என்ற கட்டத்தில் காப்பாளர், 'பெயர்ப்பட்டை மட்டும்' என்று எழுதியிருந்தார். அதை யாரோ பேனாவால் அழுத்திக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். மீதிக் கதையை நான் கட்டினேன்.

2

அதை அடித்தவள் அங்கே பழுது பார்ப்பவள். இளவயதில் இதே கணினிகளைச் செய்த தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயப்பற்று வைத்தவள். [அவள் கண்கள் கலங்க— இல்லை. அவள் அழவில்லை. அழவைக்க நான் யார்?]

"ஒண்ணுக்குத்தான் இடம் இருக்குக்கா. புதுசு இருக்கட்டும். பழசை பதினொன்றரை வண்டியில பழைய இரும்புக்குப் போட்டுடலாம்," என்றார் காப்பாளர்.

"திருப்பிப் பாருங்க சார்."

முதல் மாடலின் பலகைக்கு அடியில் ஏழு நீலக் கம்பிகள். முதல் ஆயிரம் பலகைகளில் மின்சாரம் ஓட அச்சிட்ட பாதை தப்பு. கண்டுபிடித்தது வரிசையில் உட்கார்ந்து ஈயம் வைத்த பெண்கள். கம்பி வைத்துச் சரிசெய்ததும் அவர்களே. இரண்டாம் மாடலில் அச்சையே திருத்திவிட்டார்கள்.

"புதுசுல இன்ஜினியருங்க பேரு அச்சடிச்சிருக்கு. இதுல எங்க கை இருக்கு."

"பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானேக்கா? மூடியை யாரு திறக்கப் போறா?"

"அதானே சார். யாரு திறக்கப் போறா?"

3

அவர் டீ குடிக்கப் போனார். அரை மணி நேரம். பெட்டிக்கு ஆறு திருகாணி. எந்தப் பலகையும் எந்தப் பெட்டியிலும் உட்காரும்.

முடிவு அ: மூடிகளை அப்படியே மாட்டினாள். (எழுதிப் பார்த்தேன். கை கூசியது.)

முடிவு ஆ: பலகைகளை மாற்றி மாட்டினாள். (இதைப் படித்துப் பார்த்த நண்பர், "ஏமாத்துறது தப்பில்லையா?" என்றார். யாரை? வேறுபாடே இல்லை என்று எழுதிக் கொடுத்தவரையா?)

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து காட்டமாட்டேன். கெஞ்சினாலும் மாட்டேன்.

4

வண்டி வந்தது. முதல் மாடல் என்று பட்டை ஒட்டிய பெட்டியைக் காப்பாளரே தூக்கிக் கொடுத்தார். காலையில் அவ்வளவு வாதாடியவள் வாசலுக்குக்கூட வரவில்லை. திரும்பி வந்தவர் மேசையில் மிஞ்சிய பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, உள்ள இருக்கிறது புதுசுதானே?"