சரிய மறுத்த பெட்டி

தெருவே அவளைப் படபடா என்றுதான் கூப்பிடும். அவள் தட்டச்சு செய்யும் சத்தத்தை மழை என்று நினைத்து, காயப்போட்ட துணியை எடுக்க ஓடியவர்கள் உண்டு.

பொறியியல் நுழைவுத் தேர்வைக் கணினியில் வைத்தார்கள். தேறாவிட்டால் அப்பாவோடு ஜெராக்ஸ் கடையில் நிற்க வேண்டியதுதான் என்று அம்மா கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. விடையைத் தட்டலாம், அல்லது திரைமேல் பேனாவால் எழுதலாம். எது வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். கூடவே தேர்வெழுத வந்த அத்தை மகன் பேனா கேட்டான்.

"ஒன்னாங் கிளாஸுக்கா போற?" என்றாள் படபடா, வரிசை முழுக்கக் கேட்கும்படி.

"நீ தட்டு தாயே. நான் கிறுக்கிக்கிறேன்."

விளக்கம் கேட்ட கேள்விகளைப் பறந்து முடித்தாள். அடுத்தது, சாய்ந்த பலகைமேல் ஒரு பெட்டி: விசைகளை வரைந்து, எவ்வளவு வேகத்தில் சரியும் என்று கண்டுபிடிக்க வேண்டும். விசைப்பலகையில் மேல், கீழ், இடம், வலம் என்றுதான் அம்புக்குறி இருக்கிறது. சாய்வாக ஒன்றுமில்லை. வீட்டில் பழகியபடியே திரையில் அந்தச் சாய்ந்த பலகையைப் படுக்கப் போட்டாள். எடை கீழே, தாங்கும் விசை மேலே. கணக்கும் கச்சிதமாக முடிந்தது: பெட்டி நகரவே நகராது.

சரியும் என்று கேள்வியே சொல்கிறது. அழித்துத் தட்டினாள். மறுபடியும் நகரவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள். பக்கத்துப் பெண் முறைத்தாள். முன் வரிசையில் அத்தை மகனின் கை நிதானமாகச் சாய்ந்து ஒரு கோடு இழுப்பதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

கையைத் தூக்கினாள்.

"பேனா வேணும் மேடம்."

கண்காணிப்பாளர் குனிந்தார். "இப்பவா? இந்தக் கேள்விக்குத் தட்டினதெல்லாம் போயிடும்மா."

"போகட்டும். கொஞ்சம் மெதுவா பேசுங்க மேடம்."

அத்தை மகன் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

பேனா கண்ணாடியில் வழுக்கியது. கோழி கிளறியதுபோல ஒரு சாய்வு, அதன்மேல் பெட்டி. எடையை நேர் கீழே இழுத்தாள். அதில் ஒரு பங்கு பலகையை அழுத்துகிறது, இன்னொன்று சரிவோடு இழுக்கிறது. இதையா இவ்வளவு நேரம் தட்டிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே எரிச்சல் வந்தது. பெட்டி சரிந்தது. கடைசிக் கேள்வியைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

முடிவு வரும்வரை வீட்டில் ஒரு நாற்காலியும் அவளைத் தாங்கவில்லை. இடம் கிடைத்தது, நூலிழையில்.

"எல்லாம் அவ தட்டுற வேகந்தான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாள். மகள் அதை மறுத்ததாக இதுவரை தகவல் இல்லை.