பக்கிரிசாமிக்கு ஒரு வியாதி

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு கேட்காமல் இருக்க நான் என்ன செவிடா? சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். அடுத்த வீட்டு இராஜம்மா, தன் புருஷன் பக்கிரிசாமி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வதென அவனோடு சேர்ந்தே கதை கட்டிக்கொண்டிருந்தாள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டானாம்.

அடுப்புக்கு நெருப்பு வாங்கும் சாக்கில் உள்ளே போனேன். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஆம்பிளைகளில் பாதிப் பேர் ஏற்கெனவே சிங்கப்பூரில்தான் இருக்கிறார்கள், அங்கே நிற்கக்கூட இடமிருக்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"அப்ப நீங்களே சொல்லுங்கக்கா."

பெருவியாதி, அதுதான் குஷ்டம், என்றேன். சுங்கை பூலோவில் அந்த நோயாளிகளை வைத்திருக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டாயிற்று என்றால் எவனும் வாசற்படி தாண்டமாட்டான். ஆனால் ஒரே நாளில் வந்தால் யார் நம்புவார்கள்? முதலில் முதுகில் தேமல், பிறகு விரல் மரத்துப்போவது என்று படிப்படியாக வரவேண்டும். பக்கிரிசாமி தன் விரலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டான்.

அவன் ஜெஞ்சாரோமில் மைத்துனன் தம்புசாமியின் கிழங்குத் தோட்டத்தில் போய் ஒளிந்தான். ஊருக்குச் சொல்லும் வேலை என்னுடையது. வேறு யாரிடம் கொடுத்தால் அவ்வளவு சுத்தமாக முடியும்? தேமல் குழாயடியைத் தாண்டுவதற்குள் விரல் பாசார் சந்தைக்கே போய்விட்டது.

லோரி வந்தது. பேரெழுதி ஆள் எடுக்க வந்த கிராணியிடம் இராஜம்மா பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்க் கார்த்திகேசுவை ஏற்றினார். கார்த்திகேசு கதை எதுவும் யோசித்து வைக்கவில்லை.

ஜப்பான்காரன் போனபின் பக்கிரிசாமி திரும்பி வந்தான், பத்து விரலும் முழுசாக. குழாயடியில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். முடிவெட்டுகிறவர் கத்தியை மடக்கினார். வேலை கேட்ட இடங்களில் வெளியிலேயே நிறுத்தினார்கள். அத்தனையும் பொய் என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எனக்கு இளகின மனசு என்றார்கள். குழாயடியில் கூட நிற்கும் லெட்சுமி மட்டும், "நீங்கதானே அக்கா கண்ணால பாத்ததா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

இராஜம்மாவிடம் போனேன். இருவரும் ஜெஞ்சாரோமுக்கே போய்விட மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பி வருவதற்கும் அப்போதே ஒரு வழி பண்ணி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் மூட்டைக் கயிற்றின் நுனியைப் புருஷனிடம் நீட்டினாள்.

"லோரி போற வரைக்கும்தான்க்கா யோசிச்சேன்."